கொஞ்சம் காத்திருங்கள், சொல்லி முடிப்பான்

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. சற்றே சுருக்கி வெளியிடுகிறோம்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் திக்குவாய். ஐந்து வயதில் தொடங்கியது, இப்போது எனக்கு அறுபத்திரண்டு. இன்று பேசும்போதும் சில இடங்களில் நிற்பேன். மைக் கோளாறு என்று நினைத்து எலக்ட்ரீஷியன் தம்பி ஓடி வர வேண்டாம். கொஞ்சம் காத்திருந்தால் சொல் வந்துவிடும்.

நான் படித்தது ராயபுரத்தில். காலையில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். அந்த "உ" எனக்கு வராது. வாய் குவிந்தபடி நிற்கும், சத்தம் வராது. வாத்தியார் தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எத்தனையோ நாள் ஆப்சென்ட் விழுந்தது. பையன்கள் சிரித்ததெல்லாம் மறந்துவிட்டது. வந்திருந்தும் வராதவனாகக் கணக்கில் போனது மட்டும் இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஆயா வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார். ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுபரருக்குத் திருச்செந்தூரில் பேச்சு வந்த கதையைச் சொல்லி, அம்மா அங்கே வேண்டிக்கொண்டார். கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசச் சொன்னார் ஒரு மாமா. எல்லாமே அன்பால் செய்ததுதான். ஆனால் "நீ இப்படிப் பேசினால் ஆகாது" என்பதுதான் எனக்குப் புரிந்தது. அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

இந்தப் பழங்கதையை இப்போது ஏன் சொல்கிறேன்? சில மாதங்களுக்கு முன் நம் வளாகத்தில் ஒரு தாய் என்னிடம் வந்தார். "அண்ணே, பையன் கீழே விளையாடப் போக மாட்டேங்கிறான். அவன் பேசுற மாதிரியே பேசிக் காட்டுறாங்களாம். உங்களுக்குச் சின்ன வயசுல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அவர் கேட்டு நான் பதில் சொன்னதைப் பார்த்த இன்னொரு பிளாக்காரர் மறுநாள் வந்தார். அவர் மகளுக்கும் அதே சிக்கல். இரண்டு குடும்பமும் மூன்று வருடமாக ஒரே கேட் வழியாகத்தான் போய் வருகிறார்கள். ஒருவர் வீட்டு விஷயம் மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேருமே, உலகத்தில் தங்கள் பிள்ளை ஒருவருக்குத்தான் இப்படி என்று நினைத்திருந்தார்கள். அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

உண்மை அப்படியில்லை. சுமார் நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்கல் வருகிறது. பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும். நான்கில் மூன்று பேருக்கு மேல் தானாகவோ பயிற்சியாலோ சரியாகிவிடும். என்னைப் போல மிச்சமிருக்கும் பெரியவர்கள் நூற்றுக்கு ஒருவர். ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் நீடிக்கிறது.

இது பயத்தால் வந்ததல்ல, யாரையோ பார்த்துப் பழகியதும் அல்ல. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுவதாலும் வருவதில்லை. தாயின் வளர்ப்பும் காரணமில்லை. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளையின் வேலையில் உள்ள வேறுபாடு இது. பல குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. பாகிஸ்தானில் பலருக்குத் திக்கல் இருந்த ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்துதான், 2010-ல் இதற்குத் தொடர்புள்ள சில மரபணு மாற்றங்களை விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

திக்கல் மூன்று விதமாக வரும். "க-க-க-கடல்" என்று எழுத்து திரும்பத் திரும்ப வரலாம். "ம்ம்ம்மீன்" என்று இழுக்கலாம். என் "உள்ளேன்" போல அடைத்துக்கொண்டு சத்தமே வராமலும் போகலாம். இதே பிள்ளை பாட்டுப் பாடினால் திக்காது. பக்கத்துப் பையனோடு சேர்ந்து ஒரே குரலில் வாசித்தாலும் பெரும்பாலும் திக்காது. அதைப் பார்த்துவிட்டு, "பாடும்போது மட்டும் வருதே, வேணும்னே பண்றான்" என்று முடிவுகட்டாதீர்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது கண்ணை இறுக்கி மூடி முகத்தை வலித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, பிள்ளையே வருத்தப்பட்டாலோ, "வளர்ந்தா சரியாயிடும்" என்று தள்ளிப்போட வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். பள்ளிக்கூட வயதுக்கு முன்பே தொடங்கும் பயிற்சி நன்றாகப் பலன் தருகிறது. நமக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் விசாரிக்கலாம். வசம்பும் கூழாங்கல்லும் வேண்டாம். கல் தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

பயிற்சி வாரத்தில் ஒரு மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை நம்மோடுதான் இருக்கிறது. அதனால் மற்றவர்களுக்கும் சில வேலைகள் உண்டு. பிள்ளை திக்கும்போது அந்தச் சொல்லை நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள். "மெதுவாப் பேசு", "மூச்சு இழுத்துட்டுச் சொல்லு" என்று அறிவுரை வேண்டாம். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். எப்படிச் சொன்னான் என்பதை விட்டுவிட்டு, என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் பேசிக் காட்டிக் கேலி செய்தால் அதே இடத்தில் நிறுத்துங்கள். நம் தமிழ் சினிமாவில் திக்குவாய் வந்தாலே சிரிப்புக்குத்தான் என்றாகிவிட்டது. பிள்ளைகள் அதை அங்கிருந்தும் நம்மிடமிருந்தும்தான் கற்கிறார்கள்.

காத்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் துறைமுக வேலையில் தெரிந்துகொண்டேன். கன்டெய்னர் எண்ணை வாக்கிடாக்கியில் படிக்க வேண்டும். நாலு எழுத்து, ஏழு இலக்கம். இன்றைக்கும் நினைத்தால் கை வியர்க்கிறது. மறுமுனையில் இருந்த நண்பர் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. நான் முடித்த பிறகு எண்ணைத் திருப்பிப் படித்து, "சரியா அண்ணே?" என்பார். அவ்வளவுதான் அவர் செய்தது. அந்த வேலையில் நான் நிலைத்ததற்கு அவர்தான் காரணம்.

1957-ல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கித்தான் பேசுவார். "எப்போதுமே திக்குவீர்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இல்லை, பேசும்போது மட்டும்தான்" என்றாராம். அவர் பேச்சைக் கேட்க லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள்.

என் ஐம்பதாவது வயதை ஒட்டித்தான் தி இந்தியன் ஸ்டேமரிங் அசோசியேஷன் பற்றி அறிந்தேன். திக்கல் உள்ள டேராடூன் மருத்துவர் டாக்டர் சத்யேந்திர ஸ்ரீவத்ஸவா தொடங்கியது. திக்கல் உள்ளவர்களே பல ஊர்களில் கூடி, ஒருவரை ஒருவர் கேட்டு, பேசிப் பழகும் சுயஉதவிக் குழுக்கள் அதில் உண்டு. திக்கலை மறைக்கப் படும் பாடுதான் பெரும் சுமை, அதை முதலில் இறக்கு என்பது அவர்கள் வழி. என்னைப் போலவே பேசும் பத்துப் பேர் நடுவில் முதல்முறை உட்கார்ந்தபோது, எனக்குப் பேச்சைவிட முதலில் அழுகைதான் வந்தது. எட்டு வயதில் கிடைத்திருக்க வேண்டிய இடம் அது.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஒரு மணி நேரம், நூலக அறையைத் தாருங்கள். திக்கல் உள்ள பிள்ளைகளும் பெற்றோரும் வரட்டும். விளையாட்டு, கதை, டீ, பிஸ்கட் போதும். நான் வைத்தியம் பார்க்கப்போவதில்லை, கூட உட்காரப்போகிறேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து உறவினர் பிள்ளைகள் இருந்தாலும் கூட்டி வாருங்கள். மெட்ரோ இருக்கிறது, தூரமில்லை.

இன்னொன்று. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் என்று மணி அடிக்கிறோம். கேட்கும் பிள்ளைக்கு நாலு நிமிடம் கொடுப்போம். அக்டோபர் 22 உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள், 1998 முதல் நடக்கிறது. அந்த வாரம் நம் முதல் சந்திப்பை வைத்துக்கொள்ளலாம்.

அன்று வரும் பிள்ளைகளின் பெயரை நான் கூப்பிடுவேன். "உள்ளேன்" என்று சொல்லி முடிக்கும் வரை அடுத்த பெயருக்குப் போக மாட்டேன்.