எனக்குப் பிறகு யார்?



கடும் மனநோயோடு நெடுங்காலம் வாழும் பெரியவர்களுக்கு எப்படிப்பட்ட உறைவிடம் வேண்டும் என்பதே நம் கருத்தரங்கின் பொருள். இதை மலாக்காவில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. டான் சே யான் 1896இல் ரப்பரை வணிகப் பயிராக நட்ட புக்கிட் லிந்தாங் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ரப்பர் பெருகப் பெருக, தோட்டங்களில் நம் முன்னோர் குடியிருந்த லயங்களும் பெருகின; மனநோயாளரின் அன்றைய உறைவிடமும் அவையே.

லயத்து வாழ்க்கையின் புகழ் பாட நான் வரவில்லை. அங்கே வறுமை இருந்தது; பேயோட்டுகிறோம் என்ற பெயரில் அடியும் இருந்தது. ஆனாலும் மனம் கலங்கிய ஒருவரை நாலு பேருக்குத் தெரிந்திருந்தது. பால்மரம் வெட்ட முடியாதவருக்கு மண்டோர் புல்வெட்டு வேலை கொடுப்பார். திசை தெரியாமல் போனவரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டி வரும். நோய் முற்றினால் ஜொகூர் பாருவின் தம்போய் மனநல மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 1930களில் எழுந்த அந்த மருத்துவமனையே இன்றைய பெர்மாய். போய்வர ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தோட்டச் சம்பளத்தில் எத்தனை முறை போய்ப் பார்க்க முடியும்? அங்கேயே நரைத்துப் போனவர்கள் உண்டு.

இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போயின. குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே ஐந்தாம் மாடியில், எழுபதைத் தாண்டிய தாய் நாற்பதைத் தாண்டிய மகனைப் பார்த்துக்கொள்கிறார். மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுக்கிறார். இரவில் கேஸ் தோம்பை மூடி, கதவுச் சாவியை மடியில் முடிந்துகொண்டு படுக்கிறார். “எனக்குப் பிறகு இவன யாருய்யா பாத்துக்குவா?” என்று இப்படிப்பட்ட தாய்மார் கேட்கும் கேள்விக்கு நம் துறையில் இன்னும் நேரான பதில் இல்லை.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநல மருத்துவமனை, மனநலப் பராமரிப்பு இல்லம், சமூக மனநல மையம் என மூன்றையும் வகுத்திருக்கிறது. சமூக மனநல மையங்களான ‘மெந்தாரி’ பகலில் பயிற்சியும் வேலைக்கான துணையும் தருகின்றன. மாலையானால் அங்கு வருபவர் வீடு திரும்ப வேண்டும். திரும்ப வீடில்லாதவருக்கு என்ன செய்வது? மூன்றில் நடுவில் இருக்கும் பராமரிப்பு இல்லம்தான் நம்மிடையே மிக நலிந்த கண்ணி.

இல்லம் என்ற பெயரில் எதையும் ஏற்கவும் முடியாது. நம் சட்டம் இயற்றப்பட்ட அதே 2001இல், ஆகஸ்ட் 6 அன்று, தமிழ்நாட்டின் ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அதே தமிழ்நாட்டில் 1993இல் தொடங்கிய ‘பானியன்’ அமைப்பு, பின்னாளில் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தின் வழி இன்னொரு பாதையையும் காட்டியது. பல்லாண்டு மருத்துவமனையில் கிடந்தவர்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். தேவைக்கேற்பப் பணியாளர்கள் துணை நிற்கிறார்கள். என்ன சமைப்பது, கடைக்கு யார் போவது என்பதை வீட்டாரே முடிவு செய்கிறார்கள்.

நமக்கு வேண்டியதும் அத்தகைய சிறு இல்லங்களே. ஆனால் அன்பு மட்டும் போதாது. குளோசபைன் மருந்து எடுப்பவருக்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். கடும் மனநோயாளரின் ஆயுள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு இதயநோய் போன்ற உடல்நோய்களால். ஆகவே இனிப்புநீரையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கத் தெரிந்த தாதி அங்கே வர வேண்டும். தமிழ் பேசும் பணியாளர் வேண்டும். பயத்தையும் காதில் விழும் குரலையும் தாய்மொழியில்தான் பலரால் சொல்ல முடிகிறது.

இங்கு வந்திருக்கும் ஆய்வுக் கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. மலாக்காவில் இத்தகைய இல்லம் தேவைப்படுவோர் எத்தனை பேர் என்று வட்டார வாரியாகக் கணக்கெடுக்கும் முறையை வகுத்துத் தாருங்கள். ஓர் இல்லத்துக்கு மாதம் என்ன செலவாகும், யார் ஏற்பது என்று எழுதுங்கள். உரிமமின்றி இயங்கும் இல்லங்களைப் பூட்டுவதற்கு முன் அங்கிருப்போரை எங்கே சேர்ப்பது என்றும் சொல்லுங்கள்.

ஆலயக் குழுக்களுக்கும் ஒரு சொல்: கோபுரத்துக்கு நன்கொடை திரட்டத் தெரிந்த நமக்கு, ஐந்து பேருக்கு ஒரு வாடகை வீடு எட்டாததல்ல. நாளை மாலை தீர்மானம் நிறைவேறும்போது, முதல் வீடு எந்த ஊரில் என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.