ஆணித் துப்பாக்கியும் தச்சர் கையும்



சுத்தியல் பிசகினால் தச்சரின் நகம் கறுக்கும். சில நாளில் ஆறிவிடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கருவியின் பிசகு அவ்வளவில் நிற்பதன்று.

அமெரிக்காவிலே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் எழுப்பப்படுகின்றன. ஒரு வீட்டுக்கே பல்லாயிரம் ஆணிகள் வேண்டும். ஆதலால் அங்கே காற்றழுத்த ஆணித் துப்பாக்கி பெருவழக்காயிற்று. அழுத்திய காற்று குழாய் வழியே வந்து உள்ளேயுள்ள முசலத்தை உந்த, அது நீண்ட ஆணியையும் ஒரே அடியில் மரத்தினுள் இறக்கிவிடும். நம் நாட்டு வீடுகள் கல்லாலும் சீமெந்தாலும் ஆனவை. எனினும் தளபாடப் பட்டறைகளில் இக்கருவியை இங்கும் காணலாம்.

இதன் ஆபத்து பெரும்பாலும் விசையின் அமைப்பிலேயே தங்கியுள்ளது. ஆணி பாய்வதற்குத் துப்பாக்கியின் மூக்கு மரத்தில் அழுந்தவும் வேண்டும், விசை இழுபடவும் வேண்டும். ஒருவகைத் துப்பாக்கியில் மூக்கை முதலில் அழுத்தி, அதன்பின் விசையை இழுத்தாலே ஆணி பாயும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். மற்ற வகையில் விசையை இழுத்தபடியே வைத்திருக்கலாம். மூக்கு படுமிடந்தோறும் ஆணி பாயும். மரம் என்றும் மனிதத் தொடை என்றும் அதற்கு வேற்றுமை தெரியாது. அடித்த வேகத்தில் துப்பாக்கி பின்னே எகிறி மீண்டும் விழுந்தால், வேண்டாத இரண்டாம் ஆணி புறப்பட்டுவிடும்.

2001 முதல் 2005 வரை, ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயத்துடன் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை நாடினர். தச்சு பயிலும் இளைஞரிடை நடந்த ஆய்வொன்றில், நான்காண்டுப் பயிற்சிக்குள் ஐவரில் இருவர் காயமுற்றிருந்தனர். தொட்டால் பாயும் வகையில் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு எனவும் கண்டனர்.

“வேலை சுணங்குமே!” என்பார் முதலாளிமார். அதையும் அளந்து பார்த்திருக்கின்றனர். தேர்ந்த தச்சர் பதின்மர் இருவகைத் துப்பாக்கியாலும் ஒரே அளவான சிறு கொட்டில்களை அமைத்தனர். முறைப்படி இயங்கும் விசைக்குக் கூடுதலாகச் சென்ற நேரம் நூற்றுக்குப் பத்தளவே. தச்சருக்குத் தச்சர் இருந்த வேகவேறுபாடு அதனினும் பெரிது! இவ்வளவு சிறு இலாபத்துக்காகப் பழகாத பையன் கையில் தொட்டால் பாயும் துப்பாக்கியைக் கொடுப்பது, என் கருத்தில், எவ்வகையாலும் தகாது.

காயங்களிற் பாதிக்கு மேற்பட்டவை கையிலும் விரலிலுமே நேர்கின்றன. கணுவிற் பட்ட ஆணி வளைந்து மரத்தின் பக்கவாட்டில் வெளிவரக்கூடும். ஆகையால் மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்துக்கு ஓரடியேனும் அப்பால் இருத்தல் வேண்டும். ஏணியில் ஏறும்போதும் நடக்கும்போதும் விசையில் விரல் இருத்தலாகாது. ஆணி சிக்கினால் முதலிற் காற்றுக் குழாயைக் கழற்றுக; பின்னரே உள்ளே கை வைக்கலாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது. காற்றுக்குப் பதிலாக ஒட்சிசன் உருளையைப் பொருத்தினால் துப்பாக்கியே வெடித்துவிடும்.

இத்தனைக்கும் மேலாக ஆணி தைத்துவிட்டால், குறட்டால் இழுத்தெடுத்துத் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்புவோர் உளர். சில ஆணிகளில் முட்கள் உண்டு. இழுக்கையில் அவை தசையை மேலும் கிழிக்கும். ஆணிகளைக் கோத்திருந்த பிளாஸ்டிக்குத் துணுக்குகளும் உள்ளே தங்கிச் சீழ் வைக்கும். வெளியே சிறு துளையாகத் தோன்றினும் நரம்போ எலும்போ பழுதுற்றிருக்கலாம். ஆணியை அப்படியே விட்டு, காயமுற்றவரை உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.