சொல்லே எல்லைக்கல்



நிலம் வாங்கியவர்களுக்குச் செக்குபந்தி தெரியும். பத்திரத்தின் கடைசியில், ‘வாய்க்காலுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு’ என்று நான்கு எல்லையும் எழுதியிருக்கும். பரப்பளவும் எல்லையும் முரண்பட்டால், பொதுவாக எல்லையே நிற்கும். கண்டுபிடிப்புக்கும் செக்குபந்தி உண்டு. அதை உரிமைக்கோரல் என்கிறோம். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 10-ஆம் பிரிவில், விண்ணப்பத்தோடு தரும் முழு விவரக்குறிப்பு உரிமைக்கோரலோடுதான் முடிய வேண்டும் என்கிறது. முன்பக்கங்களில் எவ்வளவு விளக்கினாலும், கோராதது நமதில்லை.

எடுத்துக்காட்டாக, மதுரையைச் சேர்ந்த ராம்குமார், ஒன்றுக்கு மேற்பட்ட சிம் கார்டுகள் கொண்ட கைப்பேசிக்குக் காப்புரிமை கேட்டு 2002-இல் விண்ணப்பித்தார். 2008-இல் 214388 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதைக் காட்டிச் சுங்கத்துறையிடம் முறையிட்டார். இரட்டை சிம் கைப்பேசிகளின் இறக்குமதியே சிக்கலானது. சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்கள் எதிர்த்து வந்தன.

‘ஒன்றுக்கு மேற்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘இரண்டு’ என்று எழுதினால், மூன்று சிம் போட்டவன் தப்பிவிடுவான். அதனால்தான் எழுதுபவர்கள் விரிந்த சொல்லைத் தேடுகிறார்கள். ஆனால் வேலியை அகட்டினால், முன்பே பிறர் உழுத நிலமும் உள்ளே வந்துவிடும். 2012-இல் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் இந்தக் காப்புரிமையை நீக்கியது. முன்பே தெரிந்தவற்றிலிருந்து துறை அறிந்தவர் எட்டக்கூடியதே இது என்பது அதன் முடிவு.

அப்படியானால் சொல்லை எப்படிப் படிப்பது? சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதினார்கள். பல இடங்களில் வேறுபட்டார்கள். ஆனாலும் சூத்திரத்துக்கு நூலோடு சேர்த்தே பொருள் காண முயன்றார்கள். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் பிலிப்ஸ் என்ற காப்புரிமை வழக்கில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: அகராதியை மட்டும் நம்பாதே, துறைக்காரர் கண்ணால், விவரக்குறிப்போடு சேர்த்துப் படி. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. விளக்கத்தில் காட்டிய ஓர் எடுத்துக்காட்டை எல்லையாக்கிவிடக் கூடாது.

மாணவர்களே, விருத்தாசலம் பீங்கான் தொழிலில் ஒருவர் புதிய அச்சு ஒன்றைச் செய்கிறார் என்று வையுங்கள். ‘வெப்பம் தாங்கும் அச்சு’ என்று கோரினால், சூளை எரிந்த ஊரிலெல்லாம் அதற்கு முன்னோடி கிடைக்கும். ஈரம் வடிய அச்சின் அடியில் தாம் வெட்டிய காடி எந்தச் சாய்வில் இருக்கிறது, அதனால் களிமண் ஏன் விரிசல் விடாமல் காய்கிறது என்று கோரினால், பரப்பு குறையும், பிடிப்பு கூடும்.

கைவேலை தெரிந்த நம் பிள்ளைகள் சொல்வேலையைப் பிறரிடம் விட்டுவிடக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் உரிமைக்கோரல் உள்ள அந்தக் கடைசிப் பக்கத்தை உடன் வேலை செய்பவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ‘இதை நாங்கள் எப்போதோ செய்தோமே’ என்று அவர் சொன்னால் எல்லையைக் குறுக்குங்கள். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்று நம் உழவர்கள் சொன்னது இந்தப் பத்திரத்துக்கும் பொருந்தும்.