விடிய எழும்பாத பிள்ளை

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பதின்ம வயதுப் பிள்ளைகளை என்னிடம் கூட்டி வரும் தாய்மாரின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "டொக்டர், இவள் இரவில் படுக்கிறாள் இல்லை, விடிய எழும்புகிறாள் இல்லை. வாய் திறந்தால் எரிந்து விழுகிறாள்." இரத்தம் பரிசோதித்தால் சிலருக்கு இரத்தச்சோகை இருக்கும். பலருக்கு ஒரு வருத்தமும் இராது. நித்திரை போதாது, அவ்வளவுதான்.

பூப்படையும் காலத்தில் மூளையின் மணிக்கூடு பிந்தி ஓடத் தொடங்குகிறது. இருட்டியதும் சுரந்து உடலை நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலற்றோனின் என்ற ஓமோன், சின்ன வயதில் சுரந்ததைவிட இரண்டு மணித்தியாலம் வரை பிந்திச் சுரக்கிறது. 9 மணிக்குப் படு என்றால் பிள்ளையால் முடியாது. கைத்தொலைபேசியின் வெளிச்சம் அதை இன்னும் பிந்தச் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1990களில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். போனும் இல்லை, மின்சாரமும் இல்லை. அப்போதும் 11 மணி வரை நான் கண் மூடாமல் கிடந்தேன். விடிய அம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். 11 மணிக்கு உறங்கி 5 மணிக்கு எழும்பும் பிள்ளைக்குக் கிடைப்பது 6. வெட்டுப்படுவது விடியற்புற நித்திரை. கனவு காணும் நித்திரையின் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் வரும். மனம் ஆறுவதில் அதற்கும் பங்குண்டு. முந்திய நாள் படித்தது நினைவில் பதிவதும் நித்திரையில்தான்.

இந்த வயதினரின் பாடசாலை காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. கலிபோர்னியாவின் உயர்தரப் பாடசாலைகளுக்கு 2022 முதல் அது சட்டமாகவே இருக்கிறது. எங்கள் நாட்டில் மணி 7.30க்கு அடிக்கும். அதை மாற்றுவது எங்கள் கையில் இல்லை.

ஆனால் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு எமது சங்கம் நடத்தும் மேலதிக வகுப்பு காலை 6 மணிக்கு. நல்ல மனத்தோடு தொடங்கினோம். அன்று கை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. அவ்வகுப்பைப் பாடசாலை விட்டபின், மதியச் சாப்பாடு கொடுத்து 2 மணிக்கு வைக்கலாமா என்று நிர்வாகக் குழுவைக் கேட்கிறேன். முதல் தவணைச் சாப்பாட்டுச் செலவை எங்கள் வகுப்பினர் பொறுப்பெடுப்போம். நேற்றிரவே பேசி முடித்துவிட்டோம், 11 மணி தாண்டித்தான்.