கண்ணுக்குத் துணை நிற்போர்

பெங்களூர் நகரச் சந்தைக்கு அண்மையில் மிண்டோ கண் மருத்துவமனை இருக்கிறது. 1896-ஆம் ஆண்டு சிக்பேட்டையில் சிறிய கண் வைத்தியசாலையாகத் தோன்றி, 1913-இல் இன்றைய கட்டடத்துக்கு வந்தது. இத்தகைய மருத்துவமனைகளில் டாக்டரின் பெயரை எல்லாரும் அறிவார்கள். அருகில் நிற்கும் செவிலியை யாரும் விசாரிப்பதில்லை. இன்று அவரைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கண்புரை அறுவை பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலையில் பெரும்பகுதி செவிலியுடையது. நோயாளியின் பெயரை ஏட்டோடு ஒப்பிட்டு, எந்தக் கண் என்பதை உறுதி செய்து, அதற்கு மேலே அடையாளம் இடுகிறார். கண்மணியை விரிக்கும் மருந்தை உரிய நேரத்தில் விடுகிறார். கண்ணுள் பொருத்தவிருக்கும் வில்லை இவருக்குரியதுதானா, கருவிகள் கிருமி நீங்கியவைதாமா என்று மீண்டும் பார்க்கிறார். மொழிபெயர்ப்பாளனாகிய நான் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால் மறுநாள் திருத்திவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. கவனக் குறைவால் உட்புகும் கிருமி இரண்டொரு நாளில் பார்வையையே பறித்துவிடக்கூடும்.

வீடு திரும்புமுன் நோயாளிக்குக் கற்பிப்பதும் அவர் கடமையே. கையைக் கழுவ வேண்டும். கீழிமையை மெல்ல இழுத்து ஒரு சொட்டு விட வேண்டும். குப்பியின் முனை கண்ணில் படலாகாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். வலி மிகுந்தாலோ, பார்வை மங்கினாலோ, தவணை நாள்வரை காத்திராமல் உடனே வர வேண்டும்.

அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ மகன் வீட்டில் வசிக்கும் தமிழ்ப் பாட்டிக்கு இவை கன்னடத்தில் முழுதும் விளங்காமற் போகலாம். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புரை. அந்த நிலையில் அவருக்கு உலகமெல்லாம் ஒரு குரல்தான். "அசையாதீர்கள் அம்மா, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று தமிழில் கேட்டால் நடுக்கம் அடங்கும். இரு மொழியும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது எளிது.

இத்துறைக்கு வர விரும்புவோர் மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ பெற்று, மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிந்துகொண்டு, பின்னர்க் கண் மருத்துவமனையில் பழகித் தேர்ச்சி பெறலாம். மதுரையில் 1976-இல் டாக்டர் வேங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைக் கண் பணிக்குப் பயிற்றியே பெரிதாக வளர்ந்தது.

"நம் பெண் நர்சாகப் போவதா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு முறை, கட்டு அவிழ்க்கும் காலை வேளையில் கண் மருத்துவமனைக்குச் சென்று பார்க்கட்டும். பிறகு மகளிடம் பேசட்டும்.