சிரத்தையும் கிரெடிட்டும்

(திருப்பதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"வேதத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்றார் காரியதரிசி. நான் வேதம் படித்தவன் இல்லை. சித்தூரில் பிறந்து, முப்பத்தைந்து வருஷம் வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். ஆகவே பேரேட்டிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: கிரெடிட்.

காரணம் என் பிள்ளை. வெளிநாட்டில் கிரெடிட் கார்டு கம்பெனியில் வேலை. என் தகப்பனார் திதியன்று போன் பண்ணினான். "அப்பா, நீங்க பண்றேள், சரி. உங்க காலத்துக்கு அப்புறம் நான் பண்ணுவேனான்னு தெரியலை. நேக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாம பண்ணினா பொய்தானே?"

கோபம் வரவில்லை. கேள்வி நியாயமானது. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன்.

சிரத்தையோடு செய்வது சிராத்தம். (நம்மில் பாதிப் பேர் 'ஸ்ரார்த்தம்' என்று நடுவில் ஒரு 'ர்' சேர்த்துச் சொல்கிறோம். அது நம் சொந்தச் சரக்கு.) சிரத்தையைப் பிரித்தால் ச்ரத், தா. 'தா' என்றால் வைத்தல். கீழே வைத்தது நிதி. அதுவும் இதே தாதுதான். வங்கியில் வைப்புத்தொகை என்கிறோமே, அதே கருத்து. ஆனால் 'ச்ரத்'? சம்ஸ்கிருதத்தில் அது தனியாகப் புழங்கும் சொல்லே அல்ல. அதன் அர்த்தம் தேடி வெளியூர்தான் போக வேண்டும்.

1786-ல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ், சம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். லத்தீனில் 'க்ரேதோ' என்றால் நம்புகிறேன். பழைய ஐரிஷிலும் அவெஸ்தாவிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒப்பிட்டு, மூலச் சொல் ஏறக்குறைய 'க்ரெத்-தே' என்று இருந்திருக்கும் என்கிறார்கள். அதை எழுதும்போது முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். எந்தக் கல்லிலும் ஓலையிலும் கிடைக்காத, கணக்குப் போட்டு மீட்ட சொல் என்று அதற்குப் பொருள்.

கணக்கு சரியா என்று நாமே பார்க்கலாம். லத்தீனில் நூறு 'கெந்தும்', நமக்கு சதம். அங்கே பத்து 'தெகெம்', இங்கே தச. அங்கே நாய் 'கனிஸ்', இங்கே ச்வா. அங்கே 'க' வந்தால் இங்கே 'ச'. அங்கே 'எ' வந்தால் இங்கே 'அ'. ஆக 'க்ரே' நம்மிடம் 'ச்ர' ஆனது முறைதான்.

அந்த 'க்ரெத்' இதயம் என்பது பலருடைய முடிவு. கார்டியாலஜியில் இருக்கும் கிரேக்கக் கார்டியா, ஆங்கில ஹார்ட் எல்லாம் அதன் உறவு. ஹ்ருதயமும் உறவுதான், ஆனால் 'ச' வர வேண்டிய இடத்தில் 'ஹ' வந்து உட்கார்ந்திருக்கிறது. எமில் பென்வெனிஸ்த் என்ற பிரெஞ்சு அறிஞர் 1969-ல் வெளியிட்ட நூலில் இந்த இதய விளக்கத்தையே சந்தேகித்தார். அவர் கணக்கில் சிரத்தை என்பது தேவதையிடம் நம்பிக்கையை ஒப்படைப்பது; அது பலனாகத் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு. கிட்டத்தட்ட கடன் கொடுப்பதுதான்! ரிக்வேதத்தின் பத்தாவது மண்டலம், 151-வது சூக்தம் சிரத்தையையே தேவதையாக அழைக்கிறது. அதில் ஒரே மந்திரத்தில் ஹ்ருதயமும் வருகிறது, சிரத்தையால் செல்வம் அடைவதும் வருகிறது. இரண்டு கட்சிக்கும் அதிலேயே சாட்சி இருக்கிறது. எனக்கு இதயக் கட்சிதான் பிடித்திருக்கிறது.

லத்தீனில் நம்பி ஒப்படைத்த பணம் 'க்ரேதிதும்'. அதுதான் கிரெடிட். நமக்குப் பென்ஷன் 'கிராண்ட்' ஆகிறதே, அந்தச் சொல்லும் பழைய பிரெஞ்சு வழியாக இதே வேரிலிருந்து வந்ததுதான்.

உடனே எல்லாச் சொல்லையும் இப்படி முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. தமிழும் தெலுங்கும் வேறு குடும்பம். அதை 1816-லேயே அச்சில் நிறுவியவர், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ். அதுவும் ஒரு தெலுங்கு இலக்கணப் புத்தகத்தின் முன்னுரைக் குறிப்பில். என் தகப்பனார் சித்தூரில் மண்டிக்கடைக் கணக்கு எழுதியவர். தமிழ்ப் பேரேட்டில் வரவு, பற்று. தெலுங்குப் பேரேட்டில் ஜமா, கர்ச்சு. வரவும் பற்றும் நம்முடையவை. ஜமாவும் கர்ச்சும் அரபு, பாரசீகத்திலிருந்து வந்தவை. சிரத்தை இரண்டு மொழியும் சம்ஸ்கிருதத்திடம் வாங்கியது. வாங்கி, அர்த்தத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டன. "சிரத்தையாப் படிடா" என்பாள் அம்மா. எதிர்வீட்டு மாமி "ஸ்ரத்தகா சதுவுகோ" என்பாள். பாடப் புஸ்தகத்தை நம்பச் சொல்லவில்லை. கவனமாகப் படிக்கச் சொன்னார்கள். (அதே எதிர்வீட்டில் சிராத்தத்துக்குப் பெயர் தத்தினம், 'அந்த நாள்'.)

கடோபநிஷத்திலும் கிழப் பசுக்களைத் தகப்பனார் தானம் கொடுப்பதைப் பார்த்த நசிகேதஸுக்குள் சிரத்தை புகுந்தது என்றுதான் வருகிறது. உடனே அந்தப் பிள்ளை செய்தது, தகப்பனைக் கேள்வி கேட்டது.

இதையெல்லாம் பிள்ளைக்கு எழுதினேன். "மூலச் சொல்லில் நம்புதல் இல்லையடா, வைத்தல்தான் இருக்கிறது. தமிழில் 'மனசு வை' என்கிறோமே, அதுதான்" என்றேன். அவன் பதில்: "லத்தீன்ல நம்பறதுன்னுதானேப்பா ஆச்சு? உங்க சாட்சி பாதி என் பக்கம்." வாஸ்தவம். பென்வெனிஸ்தைச் சேர்த்தால் பாதிக்கும் மேலே.

போன வருஷத் திதிக்குச் சித்தூருக்கே வந்துவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. எள்ளும் தர்ப்பையும் எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு மந்திரத்துக்கும் அர்த்தம் கேட்டு வாத்தியாரைப் படுத்தி எடுத்தான். எல்லாம் முடிந்ததும், கையில் பணமில்லை என்று போனிலேயே தக்ஷிணை அனுப்பினான். வாத்தியார் போன் 'டிங்' என்றது. எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "கிரெடிட்டட்." நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம், பாவம், அவருக்குப் புரியவில்லை.