மழைக்கு எவ்வளவு ஒதுக்குவது?

பட்டம் பெறும் இளைஞர்களே,

ஸ்ரீஹரிகோட்டா நம் மாவட்டத்துக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டி இருக்கிறது. ராக்கெட் கிளம்பும் நாளில் மொட்டைமாடி ஏறிப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த நெருப்பு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தகவல்தொடர்பு செயற்கைக்கோளின் வேலை ஆரம்பம். அந்தச் செயற்கைக்கோளை மொத்தமாகக் கட்டி மேய்ப்பவர் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்.

வடிவமைக்கும்போது ஆண்டெனாக்காரர் இன்னும் பெரிய தட்டு கேட்பார். எடைக்குப் பொறுப்பானவர் ஒத்துக்கொள்ள மாட்டார். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டருக்கு மின்சாரத்தைக் கூட்டினால் சூடு ஏறும். சூட்டை வெளியேற்றப் பரப்பு வேண்டும், அதுவும் எடைதான். எல்லோர் பக்கமும் நியாயம் உண்டு. யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை எண்ணில் எழுதி முடிப்பதே இந்த வேலை.

அந்தக் கணக்குகளில் என் மனதுக்கு நெருக்கமானது லிங்க் பட்ஜெட், அதாவது சிக்னல் வழியில் எவ்வளவு இழக்கும், எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் தாண்டி, கடம்பத்தூர் வீட்டு மாடியின் டிடிஎச் தட்டுக்கு வரும்போது சிக்னல் மிகமிக மெலிந்துவிடுகிறது. ஐப்பசி மழை வலுத்தால் டிடிஎச்சின் கேயு பேண்ட் சிக்னலை மழைத்துளிகளே விழுங்கும். படம் கட்டம் கட்டமாக உடையும். 3 டெசிபல் போனால் சக்தி பாதி. அந்த மழைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்க வேண்டும்.

இருப்பதை வைத்து ஓட்டுவதற்கு உதாரணமாக, இஸ்ரோவின் ஆப்பிள் தகவல்தொடர்பு செயற்கைக்கோளின் கதையைத் தேடிப் படியுங்கள். அதன் திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தச் செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் இரும்பு இருந்தால் ஆண்டெனா சோதனை கெடும், அதனால் மரவண்டி. 1981 ஜூன் 19 அன்று கூரூவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது. மேலே சூரியத் தகடுகளில் ஒன்று விரியவே இல்லை. கிடைத்த மின்சாரத்தை வைத்தே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார்கள். என்னைக் கேட்டால், வண்டியைவிட இதுதான் பெரிய சாதனை.

இது ஒருவர் மட்டும் செய்யும் வேலை இல்லை. ஆகவே வேலையில் சேர்ந்ததும் பக்கத்து மேசைக்காரரிடம், "என்னிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். நீங்கள் செய்வதைப் பயன்படுத்தப்போகிற, கடலில் இருப்பவரையும் கேளுங்கள். இஸ்ரோ மீனவர்களுக்காகச் செய்த, செயற்கைக்கோள் வழியே ஆபத்தை அறிவிக்கும் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் தலைமுறைக் கருவியில், அனுப்பிய செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வருகிறது. பழவேற்காட்டிலிருந்து கடலுக்குப் போகிறவருக்கு அந்தப் பதில் எவ்வளவு தெம்பு! அடுத்த தலைமுறைக் கருவியில் என்ன இருக்க வேண்டும் என்று அவரிடம் போய்க் கேட்டு, நீங்கள் எழுதுங்கள்.